தொழில் கைக்கு வந்ததும் பையன் போய்விடுகிறான், என்ன செய்வது?

வணக்கம். தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கிறார். முதலில் அதை அப்படியே வாசித்துவிடுகிறேன். "அண்ணா, மூன்று சேர் போட்டு சலூன் வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் நான்கு பையன்களை வேலைக்கு எடுத்தேன். ஒருவன் பத்தே நாளில் நின்றுவிட்டான். மற்ற மூன்று பேரும் கட்டிங் ஓரளவு பழகியதும் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இனிமேல் பத்தாவது சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு சேர்க்கலாமா? வீட்டில் முன்பணம் கொடுத்தால் நிற்பார்களா? இப்போது பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்து கேட்கிறான், எடுக்கலாமா?"

சரி தம்பி. சர்டிபிகேட்டை வாங்கி வைக்காதீர்கள். அது அவனுடைய சொத்து. நாளைக்கு அவன் ஐடிஐயில் சேர நினைத்தால் உங்கள் கடை மேசை டிராயரைத் திறந்தா எடுக்க வேண்டும்? முன்பணம் அதைவிட மோசம். அப்பா கையில் இருபதாயிரத்தைக் கொடுத்துவிட்டு, "இது கழியும் வரை பையன் இங்கேதான்" என்று சொன்னால் அதற்குப் பெயர் கொத்தடிமை. 1976-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை. நம் தொழிலில் இதைச் சாதாரணமாகப் பேசுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து வயது. பதினான்குக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பதினான்கிலிருந்து பதினெட்டுக்குள் வைக்கலாம், ஆனால் நிபந்தனை உண்டு. மூன்று மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இரவு ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை வேலையே கூடாது. நமக்குக் கூட்டம் எப்போது? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து, மற்ற நாட்களில் சாயங்காலம் ஆறரைக்கு மேல். அந்த நேரத்தில் பதினாறு வயதுப் பையனை நிற்க வைத்தால் நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள். அவன் படிப்பை விட்டுவிட்டானா, வீட்டில் என்ன நிலைமை என்று முதலில் விசாரியுங்கள். பத்தாவது முடித்திருந்தால் ஐடிஐயில் ஒரு வருட காஸ்மெட்டாலஜி, அதாவது அழகுக்கலைப் படிப்பு இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். நான் பதினெட்டு முடிந்தவர்களைத்தான் எடுக்கிறேன். ஆதார் அட்டையில் பிறந்த தேதியைப் பார்க்காமல் யாருக்கும் சீப்பு கொடுப்பதில்லை.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். பையன் ஏன் போகிறான்?

நான் 1998-ல் ஒரு கடையில் சேர்ந்தேன். பத்து மாதம் கூட்டினேன், டீ வாங்கி வந்தேன், துணியை உதறினேன். கத்தரியைத் துடைக்க விட்டார்களே தவிர, விரலில் மாட்ட விடவில்லை. பதினோராவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் தாங்கவில்லை. "நீ பண்ணுடா" என்று கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார் கடைக்காரர். சேரில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குக் காது மடலுக்குக் கீழே கீறிவிட்டது. அவர் முன்னாலேயே எனக்கு அறை விழுந்தது. பத்து மாதம் எதையும் கற்றுக்கொடுக்காமல் ஒரே நாளில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அடுத்த வாரமே வேறு கடைக்குப் போய்விட்டேன். உங்கள் பையன்களில் பத்து நாளில் நின்றவனைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது. அந்தப் பத்து நாளில் அவன் கையில் என்ன கொடுத்தீர்கள்? துடைப்பம் மட்டும்தானா?

முதல் நாளே கத்தரியைக் கொடுங்கள். முடி வெட்டுவதற்கு இல்லை, விரல் பழகுவதற்கு. பழைய கத்தரி ஒன்று போதும். மோதிர விரலை ஒரு வளையத்திலும் கட்டை விரல் நுனியை இன்னொரு வளையத்திலும் வைக்கச் சொல்லுங்கள். மோதிர விரல் பக்கத்து அலகு அசையவே கூடாது, கட்டை விரல் மட்டும்தான் ஆட வேண்டும். புதுப் பையனுக்கு உள்ளங்கை முழுக்க ஆடும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். கண்ணாடியின் மரச் சட்டத்தில் அசையாத அலகை ஒட்டி வைத்துக்கொண்டு திறந்து மூடச் சொல்வேன். அலகு சட்டத்தை விட்டு விலகினால் அவனுக்கே தெரிந்துவிடும். காலையில் இருபது நிமிடம், மதியம் கூட்டமில்லாத நேரத்தில் இருபது நிமிடம். இரண்டு வாரத்தில் கை நிற்க ஆரம்பிக்கும். அப்புறம் இடது கையில் சீப்பைக் கொடுத்து, சீப்பும் கத்தரியும் ஒரே வேகத்தில் மேலே ஏற வேண்டும் என்று டம்மி தலையில் காட்டுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். சீப்பு நின்று கத்தரி மட்டும் ஓடினால் பின்னந்தலையில் படி படியாக விழும். அந்தத் தவறை டம்மியில் அவன் நூறு முறை செய்யட்டும்.

மெஷின் சீக்கிரம் வந்துவிடும். ஒன்றாம் நம்பர் மூன்று மில்லிமீட்டர், இரண்டாம் நம்பர் ஆறு, நான்காம் நம்பர் பதின்மூன்று என்று கிளிப்பர் சீப்புகளைக் கையில் கொடுத்து, வித்தியாசத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் சின்னப் பையன்கள் சம்மர் கட்டிங்குக்கு வருவார்கள், அது நல்ல பாடம். ஆனால் மெஷினை மட்டுமே பழகிய பையன் கத்தரிக்குத் திரும்ப மாட்டான், அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

ஷேவிங்குக்கு பலூன். ஊதிக் கட்டி, நுரை தடவி, பிளேடு போட்ட கத்தியால் நுரையை மட்டும் வழிக்க வேண்டும். வெடிக்கும். வெடிக்கட்டும், பலூனுக்குச் செலவு செய்யுங்கள். பத்து பலூன் வெடிக்காமல் முடித்த பிறகுதான் மனிதக் கன்னம். கூடவே இன்னொன்றும். ஒருவருக்குப் போட்ட பிளேடு இன்னொருவருக்குக் கிடையாது, அதை அவர் கண் முன்னாலேயே மாற்ற வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். நம் பையன்களின் விரல் தினமும் பிளேடோடுதான் இருக்கிறது. அதனால் சேர்ந்த மாதமே தடுப்பூசி போட வையுங்கள். ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. அந்தச் செலவைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். டை கலக்கும்போது கையுறை கட்டாயம். வெறும் கையால் கலந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போன பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

உயிருள்ள தலை எங்கே கிடைக்கும்? செவ்வாய்க்கிழமை நமக்கு விடுமுறை. மாதத்தில் இரண்டு செவ்வாய் காலை மட்டும் திறக்கிறேன், அதற்குப் பையன்களுக்கு மறுநாள் காலை லீவு. தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "பையன் பழகுகிறான், காசு வேண்டாம், நான் பக்கத்திலேயே நிற்பேன், சம்மதமா?" சம்மதித்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். தவறினால் நான் கத்தரியை வாங்கிச் சரிசெய்வேன். கஸ்டமர் முன்னால் பையனைத் திட்டுவதில்லை, அவர் போன பிறகு தரையில் கிடக்கும் முடியைக் காட்டிச் சொல்வேன்.

அந்தச் செவ்வாய்களில் பையன்கள் இன்னொன்றையும் கற்க வேண்டும். சேரில் யார் உட்கார்ந்தாலும் எந்தத் தெரு, எந்த ஆள் என்று கேட்கக் கூடாது. இன்றைக்கும் சில ஊர்களில் சாதி பார்த்து முடி வெட்ட மறுக்கும் கடை இருக்கிறது. 1955-லிருந்தே அது தண்டனைக்குரிய குற்றம். நம் தொழில் செய்கிறவர்களையே சாதி சொல்லி ஒதுக்கி வைத்த ஊர் இது, அந்த வலி தெரிந்த நாம் இன்னொருவரை வாசலில் நிறுத்தலாமா? இதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்துக்கொள்ளாத பையன் வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். "தொழில் கற்றுத்தருகிறேன், சம்பளம் எதற்கு" என்று கேட்காதீர்கள். அவன் கூட்டுகிறான், தலை அலசுகிறான், அதெல்லாம் வேலைதான். அரசாங்கத்தின் அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) விதிகள் 2019-ல் பத்தாவது படித்தவருக்கு மாதம் குறைந்தது 6,000 ரூபாய் என்று வைத்தன. தேசிய அப்ரன்டிஸ் திட்டத்தில் பதிந்தால் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் அரசு தரும். ஆனால் கடையில் நான்கு பேராவது வேலை செய்தால்தான் அதில் சேர முடியும். மூன்று சேர் கடையில் நீங்களும் இன்னொருவரும் மட்டும் என்றால் அந்த வழி இல்லை, கைக்காசுதான் போட வேண்டும்.

தேதி சொல்லி வையுங்கள் தம்பி. இந்த மாதம் முடிய விரல் பழக்கம், மூன்றாவது மாதம் செவ்வாய்க்கிழமைத் தலை, ஆறாவது மாதம் தனி சேர், தனி சேருக்கு வந்ததும் ஒரு தலைக்கு இவ்வளவு பங்கு. இதை ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். உங்களிடம் இருந்து போன மூன்று பேருக்கும் கை வந்த பிறகு எவ்வளவு ஏற்றிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. பக்கத்துக் கடை இரண்டாயிரம் கூடக் கொடுத்திருந்தால், அந்த இரண்டாயிரம் அவன் வீட்டுக்குப் பெரிய தொகை.

என்னிடம் பழகியவர்களில் ஐந்து பேர் இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கடை என் கடைக்கு நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறது. திறந்த அன்று போய் முதல் கட்டிங்குக்கு நான்தான் உட்கார்ந்தேன். பின்னந்தலையைக் கண்ணாடியில் காட்டினான், ஒரு படிகூட இல்லை.