அளந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மிக்ஸி கப்ளர் உடைந்தால் பழையதைக் கடையில் காட்டி, "இதே மாதிரி கொடுங்க" என்கிறோம். பெரிய இயந்திரத்தில் உடைந்தால், உதிரிபாகம் வருவது நின்றுபோயிருந்தால்? உடைந்ததை அளந்து, வரைபடம் போட்டு, புதிதாகச் செய்ய வேண்டியதுதான். இன்று பொருளின் வடிவத்தை அளக்கும் முப்பரிமாண ஸ்கேனர் சில நிமிடங்களில் லட்சக்கணக்கான புள்ளிகளை எடுத்துத் தந்துவிடுகிறது. சரி, அளவு கிடைத்துவிட்டது. அளவு மட்டும் போதுமா?

இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1944இல் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் மூன்று சோவியத் தூரக் கிழக்கில் இறங்கின. சோவியத் திருப்பித் தரவில்லை. அப்படியே நகலெடுக்கச் சொல்லி, விமான வடிவமைப்பாளர் துபோலெவுக்கு ஸ்டாலின் உத்தரவு போட்டார். ஒன்றைக் கடைசித் திருகாணி வரை கழற்றினார்கள். ஒன்றில் ஓட்டிப் பழகினார்கள். மற்றதை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடாமல் வைத்தார்கள்.

சிக்கல் எங்கே தெரியுமா? தகட்டில்! அமெரிக்கத் தகடு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.5875 மில்லிமீட்டர். சோவியத் ஆலைகளோ மெட்ரிக் கணக்கில் உருட்டுபவை. மெல்லிய தகடு போட்டால் பலம் குறையும், தடித்தது போட்டால் எடை ஏறும். எந்த இடம் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் தடிமனை முடிவு செய்தார்கள். உத்தரவு நகலெடுக்க, வேலையோ மறுபடி வடிவமைப்பது! 1947இல் மாஸ்கோ அருகே துஷினோவில் மூன்று விமானங்கள் பறந்தன. பழைய மூன்றுதான் என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். பின்னாலேயே நான்காவது வந்தது. நகல் தயாராகிவிட்டது என்று அப்போது புரிந்தது!

நம்ம பட்டறைக்கு வருவோம். ஒரு ஷாஃப்டின், அதாவது சுழலும் தண்டின், விட்டத்தை மைக்ரோமீட்டர் 24.98 மில்லிமீட்டர் என்று காட்டுகிறது. செய்தபோதே அந்த அளவா? அப்படியானால் துளைக்குள் தளர்வாகச் சுழல வேண்டியது. 25.01 இருந்து தேய்ந்ததா? அப்படியானால் பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டியது. இதை ஸ்கேனர் சொல்லாது. தேயாத ஓரத்தைத் தேடி அளக்க வேண்டும். பேரிங் எண்ணைப் பார்க்க வேண்டும். 6205 என்றால் உள்துளை 25 மில்லிமீட்டர். திரும்பவும் சொல்கிறேன்: கையில் இருப்பது தேய்ந்த பொருள், நமக்கு வேண்டியது தேயாத அளவு.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கடைசியாக இரண்டு விஷயம். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும். பழைய பாகத்தையே அச்சாக வைத்து வார்த்தால் சிறியதுதான் வரும். அப்புறம் சட்டம்: இந்தியாவில் பேடன்ட் 20 ஆண்டு, பதிவு செய்த வடிவத்துக்கு 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. செய்யும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.