உறுதியின் விலைக்குப் பெர்மிட்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, தங்கச்சி, கிளிநொச்சியின் இந்த வெக்கையிலும் எழும்பிப் போகாமல் பந்தலுக்குள் இருக்கும் அம்மாமாரே ஐயாமாரே, எல்லாருக்கும் வணக்கம். கேம் கன்சோல்களில் கொம்பனிகள் போடும் டிஜிட்டல் பூட்டு படைப்பவரைக் காக்கிறதா, காசு கொடுத்தவரை வதைக்கிறதா என்பது இன்றைய தலைப்பு. வதைக்கிறது என்று பேச நான் புதுக்குடியிருப்பிலிருந்து வந்திருக்கிறேன். அங்கே போன் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன், அதனால் பூட்டுப் போட்ட சாமான்கள் என் மேசைக்கு நாள்தோறும் வருகின்றன.

முன்வரிசைப் பெரியவர்களுக்காக ஒரு விளக்கம். கன்சோல் என்றால் ரீவியில் இணைத்து விளையாடும் பெட்டி. பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். டிஜிட்டல் பூட்டு என்றால், நாங்கள் முழுக் காசு கொடுத்து எடுத்த கேம் எந்தப் பெட்டியில் ஓடலாம், எந்த நாட்டுக் கணக்கில் ஓடலாம், எத்தனை வருடத்துக்கு ஓடலாம் என்ற பிடியைக் கொம்பனி தன் கையில் வைத்துக்கொள்வது.

இதற்கு மேல் விளக்கம் வன்னிச் சனத்துக்குத் தேவையில்லை. முழு உரிமை எழுதிய உறுதிக் காணிக்கும் அரசாங்கம் அனுமதி மட்டும் தந்த பெர்மிட் காணிக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் காடு வெட்டி, கிணறு கிண்டி, தென்னை வைத்து, பேரப்பிள்ளை கண்ட எத்தனையோ குடும்பங்கள் இன்னும் பெர்மிட்டோடுதான் இருக்கின்றன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வந்த பத்திரம் அது. நினைத்தபடி விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, எல்லாவற்றுக்கும் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும். எங்கள் அப்பா நடந்த நடை எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று, பெர்மிட்டைத் தரும்போது இது பெர்மிட் என்று சொல்லித்தான் தந்தார்கள், உறுதிக்குரிய விலையை வாங்கிக்கொண்டு பெர்மிட்டை நீட்டவில்லை. தனக்குப் பின் இது எந்தப் பிள்ளைக்கு என்று பெயர் எழுதி வைக்கவும் அதில் இடம் இருக்கிறது.

கன்சோலின் ஒன்லைன் கடையைத் திறந்து பாருங்கள். படத்துக்குக் கீழே "வாங்கு" என்று பட்டன் இருக்கும். புதுக் கேம் என்றால் 60, 70 டொலர், டிஸ்கில் வாங்கினாலும் அதே விலைதான். கையில் வருவதோ பெர்மிட்டிலும் கீழான ஒன்று, அதைப் பிள்ளைக்கு எழுத முடியாது, பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு இரவல் கொடுக்க முடியாது, விளையாடி முடித்துப் பாதி விலைக்கு விற்கவும் முடியாது. இது என்னுடைய மனக்குறை மட்டும் இல்லை, நடுவர் ஐயா. கலிபோர்னியாவில் 2024இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல், வெறும் உரிமத்தை விற்கிற கடை அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக்கூடாது. கேம் செய்யும் பெரிய பெரிய கொம்பனிகள் இருக்கிற மாநிலமே அந்தச் சொல் சனத்தை ஏமாற்றுகிறது என்று கண்டுவிட்டது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிரான்சில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒரு வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது, தான் பாவித்த கன்சோலை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே 14 கேம். எல்லாம் அந்த அண்ணா ரெஸ்ரோரண்டில் நின்று உழைத்த காசில் வாங்கியவை, களவுக் கொப்பி ஒன்றுகூட இல்லை. தம்பிக்கு அந்த லீவு முழுக்கத் திருவிழாதான். பிறகு அண்ணா அங்கே புதுப் பெட்டி ஒன்று எடுத்து, இனி இதுதான் என் பிரதான பெட்டி என்று அதில் பதிந்திருக்கிறார், அவ்வளவுதான், அடுத்த தடவை இங்கே பெட்டியை இணையத்தில் தொடுத்தபோது 14 படத்திலும் சின்னதாக ஒரு பூட்டு வந்து நின்றது. திறக்க வேண்டுமென்றால் அண்ணாவின் கணக்கில் ஒவ்வொரு முறையும் ஒன்லைனில் நுழைய வேண்டும். நுழைவதற்கான இலக்கம் பிரான்சில் அவருடைய போனுக்குப் போகும், இங்கே பின்னேரம் தம்பி ரியூசன் முடித்து வரும் நேரம் அவர் அங்கே வேலையில் நிற்பார், போனைத் தொட முடியாது. கொம்பனிக்கு எழுதினோம். கணக்கு ஒருவருக்கு மட்டும் உரியது, கைமாற்ற முடியாது என்று பதில் வந்தது. அண்ணா தன் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்திருந்தால் சைக்கிள் கொம்பனி வந்து சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போயிருக்குமா?

சரி, எதிரணித் தலைவர் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். "சம்மதம் என்று அழுத்தியது நீங்கள்தானே, பிறகென்ன முறைப்பாடு" என்று கேட்டார், கைதட்டலும் கிடைத்தது. அண்ணன், அந்தச் சம்மதப் பக்கம் எப்போது வருகிறது? காசு கட்டி, பொதியைப் பிரித்து, ரீவியில் தொடுத்த பிறகு வருகிறது, பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் வருகிறது, சம்மதம் இல்லை என்றால் பெட்டி வேலை செய்யாது, கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டார். அதைவிட, சம்மதித்த பிறகும் சொன்ன சொல் நிற்பதில்லை. பிளேஸ்டேஷன் 3 விற்பனைக்கு வந்தபோது அதில் லினக்ஸ் போட்டுக் கணினியாகவும் பாவிக்கலாம் என்றார்கள், அதற்காகவே வாங்கியவர்களும் இருந்தார்கள். 2010 ஏப்ரல் 1ஆம் தேதி வந்த 3.21 அப்டேட் அந்த வசதியை எடுத்துவிட்டது. அப்டேட் வேண்டாம் என்று விட்டால் ஒன்லைன் விளையாட்டு இல்லை. காசு வாங்கியதன் பிறகு சாமானின் பாதியைத் திருப்பி எடுப்பதற்கு யார் சம்மதம் கொடுத்தார்?

தங்கச்சி களவுக் கொப்பியைப் பற்றிப் பேசினார். பூட்டு இல்லாவிட்டால் நூறு ரூபா சிடிகள் பஸ் ஸ்டாண்டில் குவியும், கேம் செய்தவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்றார். உழைத்தவனுக்குக் கூலி போக வேண்டும், அதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. ஒன்லைனில் கள்ள விளையாட்டு விளையாடுகிறவனை ஒன்லைனிலிருந்து தள்ளி வைப்பதும் நியாயம்தான். ஆனால் பூட்டை உடைத்து ஓடவிட்டவனிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள் தங்கச்சி. அவனுடைய கொப்பிக்குக் கணக்கு வேண்டாம், இணையம் வேண்டாம், பிரான்சிலிருந்து இலக்கம் வரத் தேவையில்லை. பூட்டு அவனிடம் இல்லவே இல்லை, 14 கேமுக்கும் காசு கொடுத்த எங்கள் அண்ணாவிடம்தான் இருக்கிறது.

இந்தப் பூட்டு இல்லாவிட்டால் தொழில் படுத்துவிடும் என்பதும் சரியில்லை. 2013இல் மைக்ரோசொப்ட் எக்ஸ்பொக்ஸ் வன்னை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் வந்து முகம் காட்டாவிட்டால் டிஸ்க் கையில் இருந்தாலும் கேம் ஓடாது என்றார்கள். கைமாற்றுக்கும் கட்டுப்பாடு. இணையம் இல்லாதவர்களுக்கு எங்களிடம் பழைய எக்ஸ்பொக்ஸ் 360 இருக்கிறதே என்று அந்தப் பிரிவின் தலைவரே சொன்னார். அதைக் கேட்டு உலகம் முழுக்கச் சனம் கொதித்தது. அந்த வருட யூன் மாதத்தில் சொனி மேடை ஏறி, பிளேஸ்டேஷன் 4 டிஸ்கை நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம், தினம் இணையம் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பத்து நாள்கூடத் தாங்கவில்லை, யூன் 19 அன்று மைக்ரோசொப்ட் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கியது. டிஸ்கைக் கைமாற்றவிட்ட அந்தப் பிளேஸ்டேஷன் 4 பிறகு 11 கோடிக்கு மேல் விற்றது. அந்த 24 மணிநேரப் பூட்டு மட்டும் நிலைத்திருந்தால் 2022இல் எங்கள் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாத நாட்களைக் கண்டோமே, கறண்ட் போனால் சிக்னலும் போகும், வந்திருக்கும் கொஞ்ச நேரத்தில் பிள்ளை பெட்டியைப் போட்டால் "இணையத்தில் வந்து முகம் காட்டு" என்று அது நிற்கும்.

அடுத்தது எனக்கு மிகவும் கோபம் வரும் இடம். த குரூ என்று கார் ஓட்டும் கேம் ஒன்று, யுபிசொப்ட் 2014இல் வெளியிட்டது, டிஸ்கிலும் விற்றது. தனியே விளையாடும் பகுதியும் அதில் இருந்தது, ஆனால் அதற்கும் கொம்பனியின் சேர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சேர்வரை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அந்த டிஸ்க் தேத்தண்ணிக் கோப்பை வைக்கத்தான் உதவும். காசு திருப்பித் தரவில்லை என்று கொதித்த சனத்தின் கணக்குகளிலிருந்து பிறகு உரிமத்தையே எடுத்தார்கள். ஒன்பது வருடம் பாதுகாத்து வைத்திருந்த பொருளை, வாங்கியவரின் அலுமாரிக்குள் இருக்கும்போதே சாகடிக்கலாம் என்றால் வாங்குதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அதிலிருந்துதான் கேம்களைக் கொல்லாதே என்ற இயக்கம் தொடங்கி, 2025 யூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. பழையதைக் கொம்பனியே பாதுகாக்கும் என்று எதிரணி சொல்லக்கூடும். நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ இரண்டின் கடையும் 2023 மார்ச் 27 அன்று மூடியாகிவிட்டது, எக்ஸ்பொக்ஸ் 360 கடை 2024 யூலையில். அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று 2023இல் ஒரு ஆய்வு கணக்கெடுத்துச் சொன்னது.

நடுவர் ஐயா, உங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும், தொண்ணூறுகளில் பற்றரியும் வன்னிக்குள் வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைத் தொடுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ரேடியோவைக் கழற்றினோம், வயரை மாற்றினோம், அது எங்கள் ரேடியோ என்பதால் யாரையும் கேட்கவில்லை. இன்று என் மேசைக்கு வரும் கன்சோலில் டிஸ்க் வாசிக்கும் பாகம் பழுதென்றால், வேறொரு பெட்டியின் நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டாலும் பல பெட்டிகளில் வேலை செய்யாது, தாய்ப் பலகைக்கும் அதற்கும் இரகசிய எண்ணால் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். திருத்துவதற்காக அந்த முடிச்சை அவிழ்க்கலாம் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே 2021இல் விலக்குக் கொடுத்தது, அதுவும் கன்சோலில் டிஸ்க் பாகத்துக்கு மட்டும். திருத்தத் தெரிந்த கையை வைத்துக்கொண்டு "இதற்கு ஒன்றும் செய்ய முடியாது, தம்பி" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும்.

எங்கள் நாட்டுக்கென்று கூடுதலாக ஒரு பூட்டும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது வரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பெட்டி கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடைகளில் இருக்கிறது, லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கலாம், ஆனால் கணக்குத் திறக்க நான் இந்தியாக்காரன் என்றோ அமெரிக்காக்காரன் என்றோ பொய் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்ன நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது, அந்த நாட்டு வங்கி அட்டையைத் தவிர வேறு அட்டை போட்டால் காசு ஏறாது. நேர்மையாக வாங்க நினைப்பவனை முதல் படியிலேயே பொய்க்காரனாக்கிவிட்டு, ஒரு நாள் கணக்கில் பிரச்சினை என்றால் நீ பொய்த் தகவல் தந்தாய் என்று சொல்லும் உரிமையையும் கொம்பனி வைத்துக்கொள்கிறது.

புதிதாக வந்ததையும் பாருங்கள். 2025 யூன் 5 அன்று வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2இல் சில கேம்களின் சிப்பில் கேமே இல்லை, திறப்பு மட்டும்தான் இருக்கிறது. சிப்பை வாங்கிச் செருகி, முழுக் கேமையும் இணையத்தில் இறக்க வேண்டும். 50 ஜிபி, 60 ஜிபி என்றால் மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ இரவு டேட்டாவுக்கு முழித்திருக்கும் வீட்டுக்கு அது எத்தனை இரவு? கொப்பி எடுக்கும் சிப் செருகினார் என்று ஒருவரைத் தண்டிக்கும்போது தடையை அந்தப் பெட்டியின் மீதே போடுகிறார்கள், அவர் அதை விற்றால் தடையும் பெட்டியோடு போகும். வெளிநாட்டில் யாரோ பாவித்து முடித்த சாமானைச் செகண்ட் ஹாண்டில் வாங்கும் எங்களைப் போன்றவர்கள் தலையில்தான் அது விழும்.

"அப்போ என்னதான் வேண்டும்" என்று தலைவர் அண்ணன் கேட்டார். பெர்மிட் என்றால் பெர்மிட் என்று பெரிதாக எழுதிப் பெர்மிட் விலைக்குத் தரட்டும். சேர்வரை மூடும் நாளில், தனியே ஓடக்கூடியதாகக் கேமைத் திறந்துவிட்டுப் போகட்டும். திருத்தும் கையைத் தடுக்க வேண்டாம். ஒரு வீட்டுக்குள், அண்ணன் தம்பிக்குள், கொடுத்து வாங்குவதற்கு வழி விடட்டும். களவுக் கொப்பியைப் பற்றிப் பேசிய தங்கச்சியிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எங்கள் வீட்டில் பூட்டோடு கிடக்கும் அந்த 14 கேமில் எது களவு என்று இந்தச் சபைக்குச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.