பாலத்தை விட்டுக் கொஞ்சம் கீழே பாருங்கள்

நண்பர்களே, திரையில் இருக்கும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியின் பழைய கப்பல் பாலம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் தபால் அட்டையாக அச்சடித்து விற்ற படங்களில் ஒன்று.

இரும்புக் கால்களின் மேல் கடலுக்குள் நீளமாகப் போகிறது. 1866-இல் கட்டி முடித்தார்கள். சுமார் 250 மீட்டர். சரி, இவ்வளவு நீளம் எதற்கு? நம் ஊருக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரையோரம் ஆழமில்லை, அலை உடைந்துகொண்டே இருக்கும். அதைத் தாண்டினால்தான் சரக்கு ஏற்றி இறக்க முடியும். அப்படியும் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டன. 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் வந்தபோதுகூட, அவரை அழைத்துவரப் படகில்தான் கப்பலுக்குப் போனார்கள்.

இப்போது படத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். மணலில் சாய்ந்து கிடக்கிறதே ஒரு படகு, அதுதான் சலங்கு. பெரிதாக்கிக் காட்டுகிறேன். பலகைகளை இணைக்க ஆணி இல்லை, கயிற்றால் தைத்திருக்கிறார்கள். ஆணி அடித்த படகை அலை தூக்கித் தரையில் போட்டால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். பாலம் வருவதற்கு முன்னால் நீலத் துணிக் கட்டு, மூட்டை முடிச்சு, மனிதர்கள் எல்லாமே சலங்கில்தான். பாலம் வந்த பிறகும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டைகள் படகேறித்தான் கப்பலுக்குப் போயின. கரும்புத் தோட்டத்துக்கென்று ரெயூனியன் தீவுக்குப் போன நம் சனங்களில் பலர் கடைசியாகப் பார்த்தது இந்தக் கரையைத்தான்.

ஆனால் அட்டையில் பாலத்தின் பெயர் மட்டுமே அச்சாகியிருக்கிறது. துடுப்பு போட்டவர்கள் புள்ளிகளாக நிற்கிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

அப்புறம், அந்த மணல். எவ்வளவு அகலம் பாருங்கள்! இந்தக் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகப் போட்ட கற்சுவர்கள் அதை மறித்தன. வடக்கே இருக்கும் ஊர்க்கரை கரைந்தது; நம் பிள்ளைகள் கருங்கல்லைத்தான் கடற்கரை என்று பார்த்து வளர்ந்தார்கள். தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. எனக்கு அதில் நிஜமான சந்தோஷம்.

பாலம் 1952 புயலில் போய்விட்டது. காந்தி சிலைக்கு எதிரே, அலை பின்வாங்கும்போது அதன் கால்களைப் பார்க்கலாம்.

சலங்கு ஓட்டிய தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர் உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், இன்று போகும்போது வாசலில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். இந்தப் படத்தை அடுத்த முறை மாட்டும்போது அந்தப் பெயர்களையும் கீழே எழுதி மாட்டுகிறேன்.