மோட்டார் போட எழுந்தது யார்?

(ரங்கூனில், ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

பெற்றோர்களே, பின் வரிசையில் இருக்கும் தாத்தா பாட்டிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "காலையில் குளிச்சீங்களே, அந்தத் தண்ணி தொட்டிக்கு எப்படி வந்தது?" "மோட்டார் போட்டா வரும் டீச்சர்!" "சரி, யார் போட்டது?" வகுப்பு அமைதியாகிவிட்டது. நம் ஊரில் கரண்ட் வருகிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். நள்ளிரவு இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தால் அம்மா எழுந்து மோட்டார் போடுகிறார், போனைச் சார்ஜில் போடுகிறார், விடியலுக்குள் போய்விடுமே என்று அரிசியையும் குக்கரில் வைக்கிறார். பிள்ளை தூங்குகிறது. அது பிள்ளையின் குற்றமில்லை. யாரும் சொல்லவில்லை, அதற்குத் தெரியவில்லை.

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது நாம் வாயால் சொல்கிற தேங்க்ஸ் அல்ல, ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை அறியத்தான் சொல்கிறார்கள். பர்மியத்தில் நன்றி சொல்ல 'சேஸூ தின் பா தே' என்கிறோமே, அதிலும் சேஸூ என்றால் உபகாரம்தான். நாமோ "மாமாவுக்கு நன்றி சொல்லு" என்று முதுகில் தட்டுகிறோம். பிள்ளை சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுகிறது.

1964இல் பர்மியப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பத்தா டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெறும் காகிதமாகிவிட்டது. எங்கள் தெருவில் பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின, நாங்கள் தங்கிவிட்டோம். அந்த வருடம் பல இரவுகளில் சோறும் புளிச்சக்கீரையும்தான். அப்பத்தா பரிமாறும்போது சொல்வார்: "கீரை பக்கத்து வீட்டு பர்மாக்கா கொடுத்தது. ஆய்ஞ்சது உங்க அக்கா. விறகு பிளந்தது சித்தப்பா." கும்பிடு என்றோ நன்றி சொல் என்றோ அவர் சொன்னதில்லை. பெயரைச் சொல்வார், அவ்வளவுதான். ஒரு நாள் "தண்ணி மொண்டு வச்சது நம்ம சின்னக்குட்டி" என்று என் முறையும் வந்தது. ஒரே ஒரு செம்புத் தண்ணீர்! அன்று நான் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது. கையில் காசில்லாத அந்த வீட்டில்தான் நான் சந்தோஷமாக இருந்தேன்.

வெகு காலம் கழித்து ஒன்று உறைத்தது. அந்தச் சோற்றை வடித்தது அப்பத்தா. அதை மட்டும் அவர் சொன்னதே இல்லை. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் "உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறேன் தெரியுமா?" என்று பிள்ளையிடம் கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி கடன் நோட்டை விரித்துக் காட்டுவது போல. பிள்ளைக்குப் பயம் வரும், பாசம் வராது. அம்மா செய்ததை அப்பா சொல்லட்டும். அப்பா செய்ததை அம்மா சொல்லட்டும். பிள்ளை செய்ததை இருவரும் சொல்லட்டும்.

அப்புறம், மலேசியாவிலும் தாய்லாந்திலும் அப்பா வேலை செய்கிற வீடுகள் இங்கே இருக்கின்றன. "அப்பா ஏன் வரல?" என்று பிள்ளை அழுதால், "பணம் அனுப்புறாரே, அந்த நன்றி வேண்டாமா?" என்று தயவுசெய்து வாயை அடைக்காதீர்கள். அழட்டும். அப்பாவின் அருமை தெரிந்த பிள்ளைதான் அப்படி அழும். மடியில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த போன் வரும்போது அதன் கையில் முதலில் கொடுங்கள்.

பர்மியரின் விளக்குத் திருவிழாவான தடிஞ்சூட் பௌர்ணமி வருகிறது. நம் பிள்ளைகளும் பர்மியப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆசிரியர்களுக்கும் பெரியவர்களுக்கும் கடோ, அதாவது மரியாதை வணக்கம், செய்வார்கள். பழமோ மெழுகுவர்த்தியோ வைத்து மண்டியிட்டு, உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லி வணங்குவார்கள். தீபாவளிக்கு நம் வீட்டிலும் காலில் விழுவார்கள். விழுவதற்கு முன் மெதுவாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இவங்க உனக்கு என்ன செஞ்சாங்க?" போன வருடம் என் பேரனிடம் அவன் அம்மா கேட்டாள். அவன் வெகு நேரம் யோசித்தான். "அப்பத்தா எனக்கு மீன் முள்ளு எடுத்துக் கொடுத்தாங்க" என்றான். நான் அதை மறந்தே போயிருந்தேன்.