டீச்சர் தேர்தலில் நிற்கட்டும்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

மாநிலக் கல்விப் பதவிக்கு ஒரு பள்ளி ஆசிரியர் போட்டியிடுவது பள்ளிகளுக்கு நன்மையா, வீண் வேலையா என்பது தலைப்பு. நன்மையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து கிளெண்டா ரிட்ஸை உதாரணம் காட்டினார். "ஜெயித்தார், நாலு வருஷம் சண்டை போட்டார், தோற்றார்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். பாதிக் கதையைச் சொல்லி முழுக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்! மீதியை நான் சொல்கிறேன்.

நம் ஊரில் பள்ளிக் கல்வி இயக்குநரை அரசு நியமிக்கிறது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் அதுபோன்ற பதவிக்கு மக்களே ஓட்டுப் போடுகிறார்கள். 2012-இல் இண்டியானாவில் அந்த நாற்காலியில் இருந்தவர் டோனி பென்னெட். அவரும் ஒரு காலத்தில் அறிவியல் ஆசிரியர்தான், மறைக்கவில்லை. ஆனால் நாடு முழுக்கப் பெயர் வாங்கிய நிர்வாகியாகத்தான் தேர்தலுக்கு வந்தார். பணமும் அவர் பக்கம்தான். எதிரே நின்ற ரிட்ஸ், இண்டியானாபொலிஸ் தொடக்கப் பள்ளி ஒன்றின் நூலக ஆசிரியை.

அவர் கையில் எடுத்த விஷயத்தைப் பாருங்கள். அந்த வருஷம்தான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு வாசிப்புத் தேர்வு வந்திருந்தது. தேறாத குழந்தை அடுத்த வருஷமும் அதே தேர்வுக்கு உட்கார வேண்டியதுதான். எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளை! கோப்பில் பார்த்தால் அது தேறாதவர் சதவீதம், அவ்வளவுதான். நூலகத்தில் இருக்கிற டீச்சருக்கோ எந்தப் பிள்ளை படம் மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தருகிறது, எது எழுத்துக் கூட்டித் தானாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. இந்த விவரம் தெரிந்த ஆள் மேடை ஏறினால்தானே தேர்தலில் இதுவும் ஒரு பேச்சாகும்?

ஆசிரியர்கள் தெரிந்தவர்களிடம் வாய்வார்த்தையாகவும் ஃபேஸ்புக்கிலும் ஓட்டுக் கேட்டார்கள். ரிட்ஸ் 13 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கினார். அதே தேர்தலில் ஆளுநராக (அங்கே அது நம் ஊர் முதலமைச்சர் மாதிரியான பதவி) ஜெயித்த மைக் பென்ஸ் வாங்கியதைவிட அதிகம்! பின்னால் அமெரிக்காவின் துணை அதிபர் ஆனாரே, அதே பென்ஸ்தான்.

பதவிக்கு வந்த ரிட்ஸ்தான் மாநிலக் கல்வி வாரியத்துக்கும் தலைவர். "வாரியக் கூட்டத்தைப் பாதியில் முடித்துவிட்டு எழுந்து போனவர்" என்று எதிரணி அவரைக் கேலி செய்தது. ஆமாம், 2013 நவம்பரில் போனார். ஏன் என்று சொன்னீர்களா? அந்த ஆகஸ்டில்தான் ஆளுநர், கல்விக்கென்று தனியாக இன்னொரு அலுவலகத்தைத் திறந்திருந்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர் இருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு கடை! அடுத்த வருஷக் கடைசியில் அதை மூடப்போவதாக அவரே அறிவித்தார்.

சரி, நிர்வாகம் தெரிந்த பென்னெட் என்ன ஆனார்? தோற்ற கையோடு புளோரிடாவில் கல்வி ஆணையர் ஆனார். பெரிய நன்கொடையாளர் ஒருவரின் பள்ளிக்கு ஏ கிரேடு கிடைக்கும்படி இண்டியானாவில் பள்ளிகளுக்கு கிரேடு போடும் முறையை மாற்றியதாக 2013-இல் மின்னஞ்சல்கள் வெளியே வர, ராஜினாமா செய்தார். தப்பு எதுவும் செய்யவில்லை என்பது அவர் வாதம். இருக்கட்டும். நிர்வாக அனுபவத்தைக் காட்டி எங்களைப் பயமுறுத்தாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு நண்பர் ஒக்லஹோமா என்ற வேறொரு அமெரிக்க மாநிலத்தை இழுத்தார். வரலாற்று ஆசிரியராக இருந்த ரயன் வால்டர்ஸ் 2022-இல் அங்கே இதே மாதிரிப் பதவிக்கு ஜெயித்து, 2024-இல் வகுப்பில் பைபிளைச் சேர்த்துப் பாடம் நடத்த உத்தரவு போட்டார், இதுதான் ஆசிரியர் லட்சணமா என்று கேட்டார். ஐயா, அவர் போட்டியிடும்போதே ஆளுநர் நியமித்த கல்விச் செயலாளர்! வகுப்பறையிலிருந்து வந்து நின்றவர், அவரிடம் தோற்ற ஜெனா நெல்சன்தான். 2020-இல் அந்த மாநிலத்தின் சிறந்த ஆசிரியர் அவர். உதாரணம் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை சரிபார்த்திருக்கலாம்.

மறுபடி இண்டியானாவுக்கு வருகிறேன். கல்வி வாரியத் தலைமை இந்தப் பதவிக்குத் தானாகக் கிடைக்காதபடி 2015-இல் சட்டம் போட்டார்கள். 2016-இல் ரிட்ஸ் தோற்றார். ஜெயித்த ஜெனிபர் மெக்கார்மிக் ஆளும் கட்சிக்காரர், அவரும் ஆசிரியராக இருந்தவர். அவரும் தலையாட்டவில்லை! பின்னால் கட்சி மாறி 2024-இல் ஆளுநர் தேர்தலிலேயே நின்றார், அது வேறு கதை. ஆக, 2025-இலிருந்து ஆளுநரே ஆளை நியமிப்பார் என்று முதலில் சட்டம் செய்தார்கள். அதுவரைகூடப் பொறுக்கவில்லை, 2021-க்கே கொண்டுவந்துவிட்டார்கள். மணி அடிக்கிறீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரே கேள்வி. டீச்சர் தேர்தலில் நிற்பது வீண் வேலை என்றால், அந்தத் தேர்தலையே எதற்கு ஐயா எடுத்தார்கள்? நன்றி, வணக்கம்.