எதால் வகுக்கிறோம்?

வணக்கம். ஒரு கைப்பிடி உப்பு அதிகமா, குறைவா? ரசத்தில் போட்டால் வாயில் வைக்க முடியாது, அதையே ஊறுகாய் ஜாடியில் போட்டால் பத்தவே பத்தாது. வேதிவினைகளுக்குச் சமன்பாடு எழுதும்போதும் இதே கேள்விதான் வரும், அதனால்தான் ஒவ்வொரு மாறியையும் ஏதாவதொரு அளவால் வகுத்து அலகில்லாத எண்ணாக்கிக் கொள்கிறோம். எதால் வகுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1913-இல் பெர்லினில் மிக்கேலிஸ், மாட் மென்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்த வினையை எடுத்துக்கொள்வோம். இன்வர்டேஸ் என்ற நொதி, அதாவது வினையை வேகப்படுத்தும் புரதம், சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்த கூட்டு சில நேரம் பழையபடி பிரிந்துவிடும், சில நேரம் சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக வெளியேற, நொதி அடுத்த சர்க்கரைக்குத் தயாராகிவிடும். மூன்று வேக மாறிலிகள், நொதி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று மொத்தம் ஐந்து எண்கள். சர்க்கரையை ஆரம்பச் சர்க்கரையாலும், கூட்டை மொத்த நொதியாலும், நேரத்தை நொதி சர்க்கரையைப் பிடிக்கும் வேகத்தை வைத்தும் வகுத்தால் ஐந்து மூன்றாகிவிடும். அதில் ஒன்று எப்சிலான், அதாவது நொதிக்கும் சர்க்கரைக்கும் உள்ள விகிதம். அது சிறியதென்றால் கூட்டு சட்டென்று ஒரு நிலைக்கு வந்துவிடும், அப்புறம் சர்க்கரை குறையக் குறைய அதன் பின்னாலேயே போகும் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

சரி, நொதியும் சர்க்கரையும் சம அளவில் இருந்தால்? உயிரணுவுக்குள் அப்படியும் நடக்கும். இரண்டின் செறிவும் 10 மைக்ரோமோலார், மிக்கேலிஸ் மாறிலி, அதாவது நொதியில் பாதி கூட்டாக இருக்கத் தேவையான சர்க்கரைச் செறிவு, 1000 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்சிலான் 1, தோராயம் செல்லாது என்று எழுதிவிடுவோம். மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன், ஆனால் கணினியில் போட்டுப் பார்த்தால் தோராயம் கச்சிதமாகப் பொருந்துகிறது!

காரணம் இதுதான். சர்க்கரை அவ்வளவு தளர்வாக ஒட்டுவதால் எந்த நேரத்திலும் நொதியில் அதிகபட்சம் சுமார் 1 சதவீதம்தான் கூட்டாக இருக்கும். அதைப் போய் மொத்த நொதியால் வகுத்தால் அந்த மாறி 0.01-ஐத் தாண்டாது, சமன்பாட்டில் எந்த உறுப்பு பெரியது, எது சிறியது என்ற கணிப்பே தப்பாகிவிடும். 1989-இல் லீ சீகல், மார்ஷல் ஸ்லெம்ரோட் என்ற கணிதவியலாளர்கள் கூட்டை, அது உண்மையிலேயே எட்டக்கூடிய உச்ச அளவால் வகுத்தார்கள். அப்போது எப்சிலான் என்பது நொதியின் 10-ஐ, சர்க்கரையும் மிக்கேலிஸ் மாறிலியும் சேர்ந்த 1010-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 0.01. நேரத்துக்கும் அதே கவனம் வேண்டும். நொதி சர்க்கரையைப் பிடிக்கும் மாறிலி மைக்ரோமோலாருக்கு நொடிக்கு 1, உடைக்கும் மாறிலி நொடிக்கு 100 என்றால் கூட்டு நிலைபெற ஒரு மில்லிநொடி, சர்க்கரை கணிசமாகக் குறைய ஏறக்குறைய ஒரு நொடி. பழைய முறையில் கிடைத்த நேர அளவோ 0.1 நொடி, இரண்டிலும் சேராது.

ஆகவே மாறியை வகுத்து முடித்ததும் அதன் உச்சம் 1-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். நொதியை 2000 மைக்ரோமோலாருக்கு ஏற்றினால் இந்த எப்சிலானும் 2-ஐ ஒட்டி வந்து நிற்கும், சிறியது என்று சொல்ல முடியாது. அந்த இடத்துக்காக 1996-இல் போர்கன்ஸ், டி போயர், சீகல் மூவரும் மாறியையே மாற்றினார்கள்: தனியாக இருக்கும் சர்க்கரையையும் நொதியோடு ஒட்டிய சர்க்கரையையும் கூட்டி ஒரே மாறியாக எடுத்துக்கொண்டார்கள்.