வாய் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்

வணக்கம். உங்கள் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் வீடு வீடாகப் போகும் தாதி. என் அட்டையில் 'நோய்த்தணிப்புப் பராமரிப்பு', அதாவது கடும் நோயில் வலியையும் தவிப்பையும் குறைக்கும் கவனிப்பு, என்று இருப்பதைப் பார்த்ததுமே பலர் கதவைப் பாதி சாத்திவிடுவார்கள். "இவருக்கு இன்னும் அந்த நேரம் வரலைம்மா." அந்த நேரத்துக்கு மட்டும் வருகிற ஆளா நான்? நோயின் தொடக்கத்திலேயே, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்தே இதைத் தரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2002லேயே சொல்லிவிட்டது.

நரம்பு நோய்களில் சீக்கிரம் கூப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டார் நியூரான் நோயில் கை, கால், நாக்கு, தொண்டை, மூச்சுத் தசை என்று ஒவ்வொன்றாகத் தளரும். பெரும்பாலானவர்களுக்குப் புத்தி மட்டும் தெளிவாகவே இருக்கும். சொல்ல வேண்டியது உள்ளே நிறைய இருக்கும். சொல்ல வாய் இருக்காது. முதுமை மறதியில் இது தலைகீழ்: வாய் இருக்கும், நினைவு தளரும்.

சிங்கப்பூரில், ஈசூனில், மோட்டார் நியூரான் நோய் வந்த ஓர் ஐயா. கோயிலில் தேவாரம் பாடியவர். முதலில் 'ழ' குழறியது, அப்புறம் தண்ணீர் புரையேறியது. வயிற்றில் உணவுக்குழாய் வைக்கலாமா என்று மருத்துவர் கேட்டபோது, "இட்லியைக் கரைச்சுக் கொடுத்தா இறங்குதே" என்று வீட்டில் தள்ளிப்போட்டார்கள். மூச்சுத்திறன் ரொம்பக் குறைந்த பிறகு அந்தக் குழாயைப் பொருத்துவதில் ஆபத்து கூடும். மகன் ஒன்று சொன்னார், மருமகள் ஒன்று சொன்னார். ஐயாவிடம் யாரும் கேட்கவில்லை.

இதற்காகத்தான் முன்கூட்டியே பேசி எழுதிவைக்கும் பராமரிப்புத் திட்டம் சிங்கப்பூரில் 2011 முதல் இருக்கிறது. "கையெழுத்துப் போட்டா வீடு போயிடுமா?" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். இது சொத்துப் பத்திரமில்லை, அக்கா. எனக்கு எது முக்கியம், என்னால் பேச முடியாதபோது எனக்காக யார் பேசுவார் என்பதுதான் அதில் இருக்கும். மனம் மாறினால் திருத்திக்கொள்ளலாம்.

மார்ஃபின் என்ற வலிநிவாரணியின் பெயரைக் கேட்டதும் பயப்படுகிறீர்கள். மூச்சுத்திணறலுக்கு மருத்துவர் தரும் சிறிய அளவு ஆளைக் கொல்லாது. அந்தத் தவிப்பைத்தான் குறைக்கும். பார்க்கின்சன் உள்ளவருக்கு வாந்தி வந்தால் மட்டும் கண்ட மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மாத்திரை நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டிவிடும்.

சரி, ஐயாவுக்கு வருகிறேன். எழுத்துப் பலகையைக் கொடுத்து, குழாய் வேண்டுமா என்று கேட்டோம். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டார். பத்து நிமிடம் ஆனது. "வையுங்கள். ஆனால் ரசம் ஒரு சொட்டு நாக்கில்."

பேச்சு சிகிச்சையாளரைக் கேட்டுக்கொண்டு, ரசத்தில் நனைத்த பஞ்சுக் குச்சியை அவர் நாக்கில் தொட்டுவைத்தார் மருமகள். மிளகு கொஞ்சம் தூக்கல் என்று பலகையில் புகார் வந்தது.